என்னைக் கேட்க வந்தவர்கள்

பக்கத்துத் தீவு நாட்டில் பேய்மழை பெய்து மலைச்சரிவுகள் இடிந்து விழுந்த வாரம், எங்கள் பெரம்பலூர் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் சர்ஜன். நான் அவருடைய ஆபரேஷன் தியேட்டரில் பல வருடமாக நர்ஸ். டவுன் டாக்டர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் முகாம்களில் வைத்தியம் பார்ப்பது என்று முடிவெடுத்தார். நல்ல மனுஷர். நினைத்தால் அந்த நிமிஷமே செய்துவிட வேண்டும் அவருக்கு. எல்லாத் தொல்லையும் அதிலிருந்துதான் வரும்.

ஆஸ்பத்திரி மாடி குடோன் ஆகிவிட்டது. மருந்துக் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. டாக்டர்கள் ஒரு சாயங்காலம் முழுக்கப் பனியனில் என்ன எழுதலாம் என்று பேசினார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காலாவதியான மாத்திரைகளைப் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். தருமம் என்றால் சிலருக்கு வீட்டில் வேண்டாததைக் கழிப்பது என்றுதான் அர்த்தம் போலிருக்கிறது.

பெட்டி கட்டக் கட்ட எனக்கும் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதை ஏன் மறைக்க வேண்டும்? பயமும் இருந்தது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. மகளுக்கு அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அரியலூர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது போகலாம் என்று தோன்றும். இறங்கி ரெட்டிபாளையத்துக்கு அடுத்த பஸ் ஏறும்போது வேண்டாம் என்று தோன்றும்.

பெரிய டாக்டர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"சிஸ்டர், உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்கா?"

இருந்தது. என் கணவருக்கு சவுதி வேலை வரும்போல இருந்த காலத்தில், எனக்கும் சேர்த்து எடுத்து வைத்தது. வேலை வரவில்லை, அவர் சிமெண்ட் ஃபேக்டரியிலேயே தங்கிவிட்டார். இருக்கிறது என்றேன். "அப்பச் சரி," என்று போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. பெரிய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரம்மாவும் இறங்கினார்கள். கையில் ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த என் கணவர் தலையில் இருந்த சிமெண்ட் தூசியைத் தட்டியபடி பிளாஸ்டிக் நாற்காலியை எடுக்க ஓடினார். நான் டீ போட உள்ளே போனேன். அடுப்படியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டேன்.

டாக்டர் சேவையைப் பற்றி அழகாகப் பேசினார். என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு, "கூட்டிட்டுப் போங்க சார், இதுல கேக்குறதுக்கு என்னங்க இருக்கு," என்றார். மாமியாருக்கு வேறு கவலை. "அங்க சோறு கெடைக்குங்களா? நேரத்துக்குச் சாப்புடலன்னா இவளுக்குத் தலவலி வந்துடும்." சோறு கிடைக்கும் என்று டாக்டர் உறுதி சொன்னார். எல்லாம் பேசி முடிந்துவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட என் அப்பா அடுப்படிக்கு வந்து, "உனக்குப் புடிச்சிருக்காம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எல்லாரும் சம்மதிச்சுட்டீங்க, சந்தோஷம். நான் இன்னும் ஒண்ணும் சொல்லலீங்களே சார்."

பெரிய டாக்டர் வாயருகில் கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்தார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நியாயந்தானே சார்?"

"சொல்லுங்க சிஸ்டர்," என்றார் அவர், ஒரு மாதிரியாக.

"நாளைக்கு யோசிச்சுச் சொல்றேங்க."

போக வேண்டும் என்று அந்த நிமிஷமே தெரியும் எனக்கு. ஆனாலும் ஒரு நாள் அந்த முடிவு என் கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கார் போனதும் கணவர் பிடித்துக்கொண்டார். "பெரிய டாக்டரு நம்ம வூடு தேடி வந்திருக்காரு. மூஞ்சில அடிச்ச மாதிரி பேசிட்டியே."

"உங்களுக்கு சவுதி வேலை வந்திருந்தா, உங்கள வுடுறியான்னு எங்கிட்ட யாராச்சும் கேட்டிருப்பாங்களா?"

அவர் ஒரு ஆப்பிளைக் கழுவித் தின்றார். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "போயிட்டு வாம்மா. பரீட்ச எனக்கு, ஒனக்கில்ல."

மறுநாள் தியேட்டரில் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"சிஸ்டர், எங்ககூட வரீங்களா?"

"வரேன் சார்."

திருச்சியிலிருந்து கிளம்பினோம். விமானம் எழும்பும்போது டாக்டரம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். தேயிலைத் தோட்டத்து சனங்கள், நம் பேச்சுத்தான் பேசினார்கள். சேற்றுப்புண், காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வாசல்வரை வரிசை நின்றது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, என் வயதுள்ள ஒரு பெண் வந்தாள். பாதம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. கீறித்தான் எடுக்க வேண்டும். டாக்டர் வழக்கம்போல, "கூட யாரு வந்திருக்கா? இவங்க வூட்டுக்காரர் எங்க?" என்று என்னைக் கேட்டார்.

அவளே பதில் சொன்னாள். "யாரும் இல்லீங்க டொக்டர். எல்லாரும் மண்ணுக்குள்ள போயிட்டாங்க."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு ஒன்றை டாக்டர் இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, காலைக் கொஞ்சம் கீறிச் சீழை எடுக்கணும். செய்யட்டுங்களா? நீங்கதான் சொல்லணும்."

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனுங்க," என்றாள்.

வரிசை நீண்டுகொண்டே இருந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"யோசிங்க," என்றார்.