பானெட்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர்

சாதாரண எவர்சில்வர் டம்ளர்தான் அது. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் நடந்து வந்து, எங்கள் பழைய வெள்ளைக் காரின் பானெட் மேல் வைப்பார் என் மாமனார். வழுக்கிவிடாமல் இருக்க அடியில் தன் துண்டை மடித்துப் போட்டிருப்பார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். இன்ஜின் இருமும், முக்கும். அப்புறம் குளிர்ஜுரம் கண்டவனைப் போல வண்டி முழுக்க உதறும். டம்ளர் தண்ணீர் தளும்பி வழியும். கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டி, "சிந்திடுச்சு" என்பார். வாசல் தெளித்துக்கொண்டிருக்கும் அத்தைக்குச் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் சமையலறையில் நிற்கிற எனக்குத்தான் அந்தச் செய்தி.

மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் அவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். பாத்தித் தண்ணீர் எவ்வளவு கனத்திருக்கிறது என்று பார்க்க அவரிடம் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. முப்பது வருஷமாக உப்பு வாருகிறவர்கள் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள், ஆனாலும் குழாயை மிதக்கவிட்டு எண்ணைப் படித்தால்தான் அவருக்குத் திருப்தி. அத்தை வைக்கும் சாம்பாரில் மட்டும்தான் அந்தக் குழாயை விட்டுப் பார்த்ததில்லை. அந்த அளவுக்குத் துணிச்சல் கிடையாது.

நான் மருமகளாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேஜை வேலை கிடைத்திருந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள். பஸ்ஸில் போனால் இரண்டு மாற வேண்டும், திரும்பி வருவதற்குள் வீட்டில் அடுப்பணைந்துவிடும். கார் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே அந்த மூன்று நாள் கார் எனக்கு, மற்ற நாட்களில் விடியற்காலையில் அளத்துக்குப் போக அவருக்கு என்று ஏற்பாடு. நான் ஓட்டத் தொடங்கிய இரண்டாவது வாரம் வண்டி உதற ஆரம்பித்தது.

அதிலும் ஒரு விசேஷம். நான் ஓட்டின மறுநாள் காலையில்தான் உதறும். செவ்வாய், வியாழன், சனி. என் முறை வரும் காலையில் எடுத்தால் கன்றுக்குட்டி மாதிரி சாதுவாக நிற்கும். அந்த உதறலை நான் ஒரு நாள்கூட ஸ்டியரிங் பிடித்து உணர்ந்ததில்லை. மாமனார் மாதக் காலண்டரை எடுத்தார். நான் ஓட்டிய நாளுக்கு நீல வட்டம், தண்ணீர் சிந்திய நாளுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. மாசக் கடைசியில் பார்த்தால் ஒவ்வொரு நீலத்துக்குப் பின்னாலும் ஒரு சிவப்பு, தப்பாமல் நின்றது. "காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை மாமா இது" என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஒரு தடவை விழுந்தா சரிம்மா. காக்கா உக்கார்ற அன்னிக்கெல்லாம் விழுந்தா?"

திண்டிவனத்தில் அவருக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் இருந்தார். அங்கே போய்ச் சேருவதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடேறி, டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளையைப் போல வண்டி சமர்த்தாகிவிடும். மாமனார் டம்ளரையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். பட்டறையில் வைத்தால் ஒரு சொட்டு சிந்தவில்லை. மெக்கானிக் பிளக்கை மாற்றினார், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். மூன்றாம் தடவை போனபோது, "சார், மாத்த வேண்டியதெல்லாம் மாத்தியாச்சு. இனிமே டம்ளரத்தான் மாத்திப் பாக்கணும்" என்றாராம். ஒரு சனிக்கிழமை வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தார். மறுநாள் விடியற்காலையில் மெக்கானிக் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் குறையே இல்லை. நம் வீட்டை விட்டு வெளியே தங்கினால் வண்டிக்குச் சுகம் என்று தெரிந்தபின் வீட்டில் யார்மேல் சந்தேகம் வரும்?

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "பொம்பளப் புள்ள காலு. கிளட்ச்ச அழுத்தி மிதிக்க மாட்டேங்குது போல" என்றார் அத்தை, இத்தனைக்கும் கிளட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் கட்டியும் பார்த்தார். என் வீட்டுக்காரரோ, "அப்பா அளந்து சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஈ.சி.ஆர் கடற்கரைச் சாலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் படி ஏறுகிற மாதிரி கிளட்ச்சை மிதித்து ஓட்டினேன்.

இவ்வளவுக்கும் நடுவில் மாமனார் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, அதுதான் கஷ்டம். சாயங்காலம் நான் வந்து இறங்கியதும், "நீ போய் காபி குடிம்மா, வண்டிய நான் பாத்துக்கிறேன்" என்று மோட்டார் போட்டு ஹோஸ் பைப்பை எடுத்துக்கொள்வார். அவர் ஓட்டின நாளில் கழுவ மாட்டார். கேட்டதற்கு, "நான் ஓட்டினா நம்மூரு தூசி. நீ வர்றது ஈ.சி.ஆர் தூசி, உப்புக்காத்து வேற" என்றார். வெளியே மட்டும் கழுவினால் போதாது என்று பானெட்டைத் தூக்கி உள்ளேயும் தண்ணீர் அடிப்பார். எப்பேர்ப்பட்ட மாமனார் என்று போனில் என் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் அப்படிக் கழுவிவிட்டுக் கையைத் துடைத்தபடியே வந்தவர், "இந்த வாரம் பாப்போம்மா. சரியாவலன்னா அடுத்த வாரத்துலேந்து நீ பஸ்ல போயிடறியா?" என்று தணிவாகக் கேட்டார். சரி என்றேன். பஸ் என்றால் வேலை போனது போலத்தான் என்று அவருக்கும் தெரியும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் திரும்பி வந்தபோது கரண்ட் இல்லை. இரவெல்லாம் வரவில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் வழக்கம்போல டம்ளர், துண்டு, சாவி. நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். இருமல் இல்லை, முக்கல் இல்லை. "சிந்தல" என்றார். அவர் குரலில் மகிழ்ச்சி இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. கண்ணாடிக் குழாய் பொய் சொல்லிவிட்டது போல முகம் சுருங்கிவிட்டது. உள்ளே வந்து, "நேத்து என்னம்மா மாத்தி ஓட்டின?" என்று கேட்டார். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "நான் ஒண்ணும் மாத்தல மாமா. இங்க என்ன மாறிச்சுன்னு பாருங்க" என்றேன். அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். காய்ந்துபோன ஹோஸ் பைப் சுருட்டிப் போட்டபடியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வண்டியைத் தொடவில்லை. ஆனால் சாயங்காலம் மாமனார் மோட்டாரைப் போட்டு, அன்று வாசலைத் தாண்டாத காரின் பானெட்டைத் திறந்து தண்ணீர் அடித்தார். திங்கள் விடியற்காலையில் தனியாக எழுந்துபோய் டம்ளரை வைத்தார். பாதித் தண்ணீர் துண்டில் இறங்கிவிட்டது. வாசலில் வேறு யாரும் இல்லை. மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம், ஒரு மருமகள் பஸ்ஸில் போயிருப்பாள், அவ்வளவுதான். அவரோ உரத்த குரலில் அத்தையைக் கூப்பிட்டார், என்னைக் கூப்பிட்டார், மெக்கானிக்குக்குப் போன் போட்டு உடனே வரச் சொன்னார்.

மெக்கானிக் வந்து பிளக் வயரின் ரப்பர் மூடியைப் பிடுங்கிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. நான்கிலும் அப்படியே. எங்கள் வீட்டு மோட்டார் தண்ணீர் கரிக்கும், பருப்புகூட வேகாது, குடிக்கக் கேன் தண்ணீர்தான். உப்புக்காற்றுக்குப் பயந்து உப்புத் தண்ணீரை அல்லவா இத்தனை நாளாக இன்ஜினுக்குள் பாய்ச்சிக்கொண்டிருந்தார்! "ராத்திரி பூரா ஈரம் நின்னுடுது, காலைல உதறுது. ஓடி சூடானா காஞ்சிடுது. நாலு பாத்தி கட்டி உப்பு எடுத்திருக்கீங்க சார்" என்றார் மெக்கானிக். அந்த வருஷம் கோடைமழை பெய்து அளத்து உப்பெல்லாம் கரைந்திருந்தது. "அங்க விளையாதது இங்கயாவது விளைஞ்சுதே" என்றார் அத்தை. மாமனார் சிரிக்கவில்லை. மூடிக்குள்ளிருந்து ஒரு துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், தொழில் பழக்கம். பிறகு உள்ளே போய்க் காலண்டரில் அந்த மாதத் தாளைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கார் சாவியை எடுத்து என் கைப்பைக்குள் போட்டார். தப்பு தன்னுடையது என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அது கொஞ்ச நாள் மனத்தாங்கலாகவே இருந்தது.

அந்தக் கார் போய்விட்டது. போன மாதம் நாங்கள் ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கினோம். மாமனாருக்கு எண்பது ஆகிறது. முதல் நாள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கீழ்புத்துப்பட்டு கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டு வந்தேன். மறுநாள் விடியற்காலையில் கதவைத் திறந்து பார்த்தால், அதே டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். இப்போது அவர் கைதான் நடுங்குகிறது, பானெட்டுக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே கொஞ்சம் சிந்திவிட்டது. துண்டை மடித்து வைத்து, டம்ளரை நிறுத்தி, எனக்குச் சைகை காட்டினார். பட்டனை அழுத்தினேன். தண்ணீர் அசையவில்லை.

"ஸ்டார்ட் ஆவலம்மா" என்றார்.

"ஆயிடுச்சு மாமா. இந்த வண்டி இப்படித்தான், சத்தமே வராது."

அவர் நம்பவில்லை. டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நேத்து நீதான ஓட்டின?"

"ஆமா மாமா."

"நான் கழுவலம்மா" என்றார் அவசரமாக.