உப்புப் பார்க்காத கஞ்சி

எங்கள் சபையில் ஆவியின் கனிகள் ஒன்பதும் மாம்பழங்கள். ஞாயிறு வகுப்பு எடுத்த பெரியம்மா ஒரு பெரிய காகித மட்டையில் மரமொன்றை வரைந்து ஒன்பது பழங்களைத் தொங்கவிட்டிருந்தார். அவருக்கு வரையத் தெரிந்தது மாம்பழம் மட்டும்தான். ஆகவே அன்பும் மாம்பழம், பொறுமையும் மாம்பழம். மரத்துக்குப் பக்கத்தில் கறுப்பு மையில் மாம்சத்தின் கிரியைகள், அதாவது விலக்கவேண்டிய பாவங்கள், வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அவற்றுக்குப் படம் இல்லை. அந்த வரிசையில் பாதிச் சொற்களுக்கு எங்களுக்குப் பொருள் தெரியாது; கேட்டால் பெரியம்மா இருமத் தொடங்கிவிடுவார்.

ஒன்பது கனிகளையும் மூச்சு விடாமல் ஒப்புவிக்கத் தெரிந்த ஒரே பிள்ளை நான்தான். எனக்கும் அப்போது ஒன்பது வயது. அதற்குப் பரிசாகக் கிடைத்த பென்சில் பெட்டியை நித்திரையிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயம் அந்த நாட்களில் மிகவும் உயர்ந்தது.

சபை என்றால் பெரியப்பாவின் வீட்டு வளவுக்குள் தகரம் போட்டு இறக்கிய ஒரு கொட்டகை, முப்பது பிளாஸ்டிக் கதிரைகள், காதைக் கிழிக்கும் ஒரு ஒலிபெருக்கி. பெரியப்பாதான் போதகர். ஒரு காலத்தில் குடித்துவிட்டுப் பெரியநீலாவணைக் கடற்கரை மணலில் விழுந்து கிடந்தவர். ஒருநாள் விட்டார், பிறகு தொடவே இல்லை. ஆவியானவர் தன்னைத் தூக்கி நிறுத்திய கதையை அவர் சாட்சியாகச் சொல்லும்போது அழாதவர்கள் கிடையாது. அது பொய்யும் இல்லை. என் கோபம் அதில் இல்லை. தன்னைத் தூக்கி விட்டவர், மற்றவர்களை நிறுத்துப் பார்க்கும் தராசையும் தன் கையில் கொடுத்துவிட்டதாக அவர் நினைத்தாரே, அங்கேதான் என் கோபம் தொடங்குகிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு, இயேசுவின் நினைவாக அப்பம் பகிரும் திருவிருந்து. அதற்கு அப்பம் சுடுவது அம்மா. விடிவதற்கு முன் எழும்பி, கோதுமை மாவை உப்பில்லாமல், புளிக்க வைக்காமல் பிசைந்து, மெல்லிசாகத் தட்டி, பால்மா டின் மூடியால் வட்டமாக வெட்டிச் சுடுவாள். வெட்டிய பிறகு மிஞ்சும் ஓரங்களையும் தனியே சுட்டு எடுத்து வைப்பாள். திருவிருந்து எடுக்கும் வரை பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை என்பது அவளாக வைத்துக்கொண்ட நோன்பு. சனி இரவு சாப்பிட்டால் ஞாயிறு அந்த அப்பத் துண்டுதான் அவள் வாயில் படும் முதல் ஆகாரம். அப்பா கத்தாரில் இருந்ததால் வீட்டில் நானும் தம்பியும் அம்மாவும் மட்டும்தான்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மருதமுனைக்கார முஸ்லிம் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் தாயை உம்மா என்பார்கள். கேட்டுக் கேட்டு நாங்களும் உம்மா என்போம். அம்மாவுக்கு அவர் ராத்தா, அதாவது அக்கா. தம்பிக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அம்மாவோடு மாறி மாறி அவன் கட்டிலடியில் இருந்தவர் அவர்தான். பெரியப்பா வந்தார், ஜெபித்தார், போய்விட்டார்.

நோன்பு மாதத்தில் உம்மா வீட்டில் பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி காய்ச்சுவார்கள். தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும் கொதிக்கிற வாசனை வேலி தாண்டி வரும். நோன்போடு நாக்கில் வைத்துப் பார்க்க உம்மாவுக்கு மனம் வராது. ஆகவே தகரவேலியில் ஆள் நுழையுமளவுக்கு விட்டிருந்த கடப்படியில் நின்று கூப்பிடுவார்: "தங்கச்சி, ஒருக்கா வந்து உப்புப் பாத்துச் செல்லுங்க."

அம்மா போய் உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கிப் பார்த்து, போதுமென்றால் காணும், போதாதென்றால் காணாது என்பாள். அந்தக் கஞ்சிக்கு உப்பு எவ்வளவு என்று தீர்மானித்தது என் அம்மாவின் நாக்கு. நோன்பு திறக்கப் பாங்கு சொல்லுமுன் எங்களுக்கு ஒரு வாளி வந்துவிடும். வாளி ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. வாழைப்பழமோ நாலு முட்டையோ ஏதோ ஒன்று அதற்குள் இருக்கும்.

இந்தக் கஞ்சியைத்தான் பெரியப்பா ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்கு எடுத்தார். ஓதிச் சமைத்ததெல்லாம் படையல், படையல் தின்கிறவர் மாம்சத்துக்குரியவர், ஆவியில் நடக்கிற பிள்ளைக்கு அது தகாது என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அன்று பின்னேரம் வழக்கம்போல உப்புப் பார்க்கப் போனாள். வெளியில் சொல்லாதே என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. தன் பிள்ளையிடம் அப்படிச் சொல்லத் தேவையிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. ஆராதனைக்கு நடுவில் பெரியப்பா பிள்ளைகளை முன்னால் வரிசையாக நிறுத்தினார். நான் கனிகளை ஒப்புவித்தேன், கைதட்டினார்கள். பிறகு அவர் குனிந்து, ஒலிவாங்கியை எங்கள் பக்கம் நீட்டினார்.

"உங்கட வீட்டில மாம்சத்துக்குரியது என்ன நடக்குது எண்டு மறைக்காமச் சொல்லுங்க புள்ளையள்."

வளர்ந்த ஒரு மனிதன் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? இன்று யாராவது என் மகளிடம் அப்படிக் கேட்டால் ஒலிவாங்கியைப் பிடுங்கி எறிவேன். அன்று எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஒரு பையன் தங்கையை அடித்ததைச் சொன்னான். இன்னொருத்தி ஜெபிக்காமல் படுத்ததைச் சொன்னாள். இதெல்லாம் ஒரு பாவமா என்று எனக்கு இளக்காரம். என்னிடம் இதைவிடப் பெரியது இருந்தது.

"நாங்க நோன்புக் கஞ்சி குடிக்கிற. அம்மா உப்பும் பாத்துக் குடுக்கிறவ."

பின்வரிசையில் ஒரு மாமி, என்ன சொன்னேன் என்று விளங்காமல், பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரம் என்றார். பெரியப்பா என் தலையில் கை வைத்து, உண்மை பேசுகிற பிள்ளை என்று எல்லோருக்கும் காட்டினார். நான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். ஓம், சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

தட்டு வரிசை வரிசையாக வந்தது. அதிலிருந்தது அம்மா விடியற்காலையில் சுட்ட அப்பம். அம்மா இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். பெரியப்பா தட்டைச் சற்று உயர்த்தி, அவளைத் தாண்டி அடுத்த கதிரைக்குப் போனார். சபைக்கு முன்னால் அறிக்கை செய்து, இனிமேல் அந்த வீட்டுக் கஞ்சியைத் தொடமாட்டேன் என்று சொல்லும் வரை அவளுக்குப் பந்தி இல்லை என்றார். அதையும் ஒலிவாங்கியில்தான் சொன்னார். நீட்டிய கைகளை அம்மா உடனே எடுக்கவில்லை. பாட்டுத் தொடங்கிய பிறகுதான் மெதுவாக மடிக்கு இறக்கினாள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆராதனை முடிந்து வாசலில் செருப்புப் போடும்போது பெரியப்பா வந்தார். குரல் இப்போது வீட்டுக் குரல்.

"வாற மாசத்து அப்பத்தையும் நீங்களே சுட்டுத் தாங்க. மத்தவங்க சுட்டாக் கல்லு மாதிரி இரிக்கி."

"ஓம் அத்தான்," என்றாள் அம்மா.

சுடுவதற்கு அந்தக் கை சுத்தமான கை. வாங்குவதற்கு மட்டும் அழுக்கா? இதைக் கேட்க அந்த முப்பது கதிரைகளில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒன்பது கனிகளையும் பாடமாக வைத்திருந்த நானோ, பெரியப்பா அம்மாவை மன்னித்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. வழக்கம்போல என் கையைப் பிடித்துத்தான் தெருவைக் கடந்தாள். சோறும் மீன்குழம்பும் ஆக்கி எங்களுக்குப் போட்டுத் தந்துவிட்டு, தான் சாப்பிடாமல் பாத்திரங்களைக் கழுவினாள். பாவம் செய்த ஒருத்தி ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லையே என்று எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது.

பின்னேரம் கடப்படியில் உம்மாவின் குரல் கேட்டது. அம்மா போனாள், நான் பின்னால் போனேன்.

"இண்டைக்கு நானும் நோன்புதான் ராத்தா. உப்புப் பாக்க ஏலா," என்றாள் அம்மா.

உம்மா அவள் முகத்தைப் பார்த்தார். அகப்பையை என் பக்கம் நீட்டி, "அப்ப மகள் பாக்கட்டும்," என்றார்.

"நான் பாக்க மாட்டன். அது பாவம்," என்றேன்.

காலையில் கைதட்டு வாங்கிய அதே குரலில் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று முழுவதும் கலங்காத கண் அப்போது கலங்கியிருந்தது. உம்மா, "சரி மகள்," என்று மட்டும் சொல்லி அகப்பையோடு உள்ளே போனார். அடுப்பில் அந்தக் கஞ்சி உப்புப் பார்க்க ஆளில்லாமல் கொதித்தது.

பாங்கு சொல்வதற்குச் சற்று முன் வாளி வந்தது. அதைக் கடப்படி வரை கொண்டுவந்தவர் உம்மாவேதான். அம்மா வாளியை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, குசினிக்குள் போய் ஒரு தட்டோடு திரும்பி வந்தாள். தட்டில், காலையில் அப்பம் வெட்டியபோது மிஞ்சிய ஓரங்கள் இருந்தன. நான் வாசற்படியில் பென்சில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். கஞ்சி ஒரு பாவம், அப்பத்தின் ஓரத்தைக் கொடுப்பது இன்னொரு பாவம் என்று, அடுத்த ஞாயிறு சொல்வதற்காக மனதுக்குள் எண்ணி வைத்தேன்.

பாங்கு கேட்டது. உம்மா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, இன்னொன்றை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா ஓரமொன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை நீட்டினாள். உம்மா இரண்டு கைகளையும் சேர்த்து வாங்கினார். மற்றப் பாதியை அம்மா தன் வாயில் வைத்தாள்; அன்று அவள் வாயில் பட்ட முதல் ஆகாரம் அது. அது எதற்குச் சுட்ட அப்பம் என்று அம்மா சொல்லவில்லை, உம்மாவும் கேட்கவில்லை. பிறகு வாளியைத் திறந்து, கடப்படியின் இரண்டு பக்கமும் குந்தியிருந்து இருவரும் கஞ்சி குடித்தார்கள். உப்பே இல்லை என்று உம்மா சொல்ல, இரண்டு பேரும் சிரித்தது கேட்டது. ஆனாலும் யாரும் உப்பெடுக்க எழுந்து போகவில்லை.

காலையிலிருந்து ஒன்றும் தின்னாதவள், பசி தாங்க முடியாமல் சாப்பிடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.