முழங்காலில் சேறு இல்லாத மூன்று பேர்

வங்காளத்தில், கார்டன் ரீச்சில் ஒரு தொழிற்சாலையின் கால்பந்து மைதானத்தில் நான் மாலியாக இருக்கிறேன். மாலி என்றால் இங்கே தோட்டக்காரன் மட்டும் இல்லை. புல் வெட்டுவது, உருளை இழுப்பது, சுண்ணாம்பால் கோடு போடுவது, வலை கட்டுவது எல்லாம் மாலியின் வேலை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. புல்லோடு வேலை என்பதால் அது பெரிய குறையாகவும் தெரிந்ததில்லை.

போன வருடம் கிளப்பின் பெரிய ஆண்டு நிறைவு விழா வந்தது. கிளப் அறைச் சுவரில் இருக்கும் பழைய படங்களை இறக்கித் துடைத்து வைக்கச் செயலாளர் சொன்னார். அதில் ஒரு படம் ஷீல்டு ஜெயித்த அணியுடையது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மழைக்காலத்து இறுதி ஆட்டம். பதினோரு பேரும் சேறு அப்பிய பனியனோடு நிற்கிறார்கள். கீழே ஆங்கிலத்தில் பதினோரு பெயர்கள்.

கண்ணாடியை ஈரத் துணியால் துடைக்கும்போதுதான் கவனித்தேன். மூன்று பேருக்குப் பனியனில் சேறு இருந்தது, முழங்காலில் இல்லை. தலை வாரியிருந்தது. எங்கள் மைதானம் ஆற்று வண்டல். மழையில் ஒரு தடவை விழுந்து எழுந்தால் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினாலும் முட்டியில் கறை நிற்கும். இருபத்தேழு வருடமாக அந்தச் சேற்றைக் கழுவுகிறவன் நான். அந்த மூன்று பேரும் அன்றைக்கு ஆடவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொன்னேன். என் மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. அதே தொழிற்சாலையில் சாக்கடை துப்புரவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் அப்படியே கேட்டார்.

“மூணு பேர்தானே?”

“ஆமா மாமா.”

“ஓரத்துல மூக்குக்கண்ணாடி போட்டுக்கினு ஒருத்தன் நிப்பான். அவன் போட்டிருக்கிறது என் பனியன்.”

என் மனைவிக்கே அது புதுச் செய்தி. மாமா எழுந்து உட்கார்ந்து சொன்னார். லைன் என்கிற துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவர்கள் எல்லாரும் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள். அவர்களைக் கிளப்பில் உறுப்பினராகச் சேர்க்க மாட்டார்கள். தண்ணீர் குடிப்பதானாலும் வெளிக் குழாயில்தான். ஆனால் நன்றாக ஆடுகிறவர்கள் லைனில்தான் இருந்தார்கள். பெரிய ஆட்டம் என்றால் ஆபீஸ் குமாஸ்தாக்கள் பெயரில் இவர்களை இறக்குவார்கள். ஆட்டம் முடிந்ததும் பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். குமாஸ்தா அதைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்பார். அந்த நேரத்தில் இவர்கள் வலையை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள்.

“ஈரப் பனியனாச்சே மாமா, அதைப் போட்டுக்குவாங்களா?”

“மூக்கைப் புடிச்சிக்கினு போட்டுக்குவான். படம் ஆச்சே!”

“ஜெயிச்ச கோல் யார் அடிச்சது?”

“அடிச்சது நான். பேர் அவனுக்கு.”

அந்த வாரக் கடைசியில் என் மகள் வந்திருந்தாள். நியூ டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே தோழிகளோடு தங்கியிருக்கிறாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போனில் ஒரு வீடியோ காட்டினாள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் கறுப்பர்களைப் பெரிய பேஸ்பால் அணிகளில் சேர்க்கவில்லையாம். அவர்கள் தனியாக அணிகள் வைத்து, தனிப் போட்டி நடத்தி, பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடியிருக்கிறார்கள். சில ஊர்களில் ஓட்டலில் இடம் தராததால் பஸ்ஸிலேயே படுத்திருக்கிறார்கள். சமீபத்தில்தான் அவர்கள் அடித்த கணக்கையெல்லாம் பெரிய போட்டிகளின் கணக்கோடு சேர்த்தார்களாம். அதற்குள் ஏறக்குறைய எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள்.

“கட்டையால அடிக்கிறாங்களே, கிரிக்கெட்டா?” என்றார் மாமா.

“கிரிக்கெட் இல்ல தாத்தா, பேஸ்பால்.”

கடைசி வரை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். “பரவால்ல. இவங்கோ அவங்க பேர்லயே ஆடிட்டாங்கோ.”

மகள் என்னைப் பார்த்தாள். “அப்பா, நீ போய்ச் செகரெட்டரிகிட்ட சொல்லு. விழாவுல பழைய பிளேயருக்கு எல்லாம் சால்வை போடுறாங்கல்ல?”

மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது. கிளப் இவ்வளவு பெரிய விழா எடுப்பது பல வருடத்துக்கு ஒரு முறை. அடுத்ததற்கு அவர் இருக்க மாட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மூன்று நாள் மனதுக்குள் வங்காள மொழியில் சொல்லிப் பார்த்துவிட்டு நாலாம் நாள் செயலாளரிடம் போனேன். நல்ல மனிதர். எல்லாரும் அவரைத் தாதா, அதாவது அண்ணா, என்போம்.

“என்ன மாலி, உரம் தீந்துபோச்சா?”

“இல்ல தாதா. இந்தப் படத்துல மூணு பேர் ஆடலை.”

“அப்ப நீ பொறந்திருந்தியா?”

“முட்டியைப் பாருங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்து அறைப் பொருளாளரைக் கூப்பிட்டார். “அடே, இங்க வா, நம்ம மாலி போலீஸ்ல சேர்ந்துட்டான்!” இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் மாமனாரைப் பற்றிச் சொன்னேன். தாதா சிரிப்பை நிறுத்தினார்.

“பெயர்ப் பட்டியல் அச்சாயிடுச்சு. படத்துல ஓரத்துல நிக்கிற அந்தப் பெரியவர் பேரப் பிள்ளைகளோட வர்றாரு. மேடையில வச்சு நீ ஆடலையாமேன்னு நான் கேக்கவா? உன் மாமனாரைக் கூட்டிக்கிட்டு வா. முன் வரிசையில உட்கார வைக்கிறேன். ஸ்வீட் பாக்கெட் உண்டு.”

ஸ்வீட்டுக்காக அவர் வரமாட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வீட்டில் மாமா, “இன்னா சொன்னாங்கோ?” என்று கேட்டபோது, “உங்களைக் கூப்பிட்டாங்க மாமா, முன் வரிசையாம்” என்று மட்டும் சொன்னேன். அதற்குள் மனைவி, “சால்வை போடுறாங்களாம் நைனா!” என்று கத்திவிட்டாள். நான் மறுக்கவில்லை. மறுநாள் அவர் சலூனுக்குப் போனார். பரணில் இருந்த ஷூவை இறக்கி மை போட்டார்.

விழா அன்று மாலை பந்தலில் முன் வரிசையில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பெயராக மைக்கில் வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. நாலாவது பெயராக அந்தக் குமாஸ்தாவின் பெயரைப் படித்தார்கள். எண்பதைத் தாண்டிய பெரியவர், தடி ஊன்றிப் பேரன் தோளைப் பிடித்து ஏறினார். சால்வை போட்டார்கள். மாமா திரும்பி என்னைத் தேடினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

செயலாளர் மைக்கை அந்தப் பெரியவரிடம் கொடுத்து, அந்தக் கோலைப் பற்றிச் சொல்லச் சொன்னார். பெரியவர் பல முறை சொல்லிப் பழகியவர் மாதிரி சொன்னார். மழை, சேறு, கடைசி நிமிடம், பந்து இப்படி வந்தது, வலது காலால் ஒரே அடி.

“இடது கால்!” என்று வங்காள மொழியில் ஒரு சத்தம்.

மாமா எழுந்து நின்றிருந்தார். பெரியவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

“யாரது?”

“பனியன் குடுத்தவன்.”

பெரியவர் தடியை ஊன்றி மேடை ஓரத்துக்கு வந்தார். பிறகு மைக் இருப்பதை மறந்து, “அடப் பாவி, நீ இன்னும் போய்ச் சேரலையா?” என்றார்.

“நீ முன்னாடி போவட்டும்னு இருக்கேன்.”

சிரிப்பு அடங்க நேரம் ஆனது. பெரியவர் சிரிக்கவில்லை. “அவன் சொல்றது சரி. இடது கால்தான். நான் அன்னைக்கு வெளியே உட்கார்ந்து ஜால்முரிப் பொரி தின்னுக்கிட்டு இருந்தேன்” என்றார். பேரப் பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்தார்கள். சால்வையைக் கழற்றி மாமாவுக்குப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. மெதுவாக இறங்கி வந்து மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். பந்து எந்தப் பக்கமிருந்து வந்தது என்று இருவரும் தகராறு செய்தார்கள். செயலாளர் அடுத்த பெயரைப் படித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது மாமா கேட்டார்: “எனக்கு சால்வைன்னு அவங்கோ சொல்லவேயில்ல, அப்படித்தானே மாப்ள?”

“இல்ல மாமா.”

“அதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் கிளப்பிலிருந்து ஆள் வந்தது. படத்துக்குக் கீழே ஒரு அட்டையில் மாமாவின் பெயரைப் போடலாம் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது.

“மூணு பேரையும் போடு, இல்லாட்டி வேணாம்” என்றார் மாமா.

மற்ற இருவரும் எப்போதோ இறந்துவிட்டார்கள். அவர்களில் கோல்கீப்பரின் முழுப் பெயரை மாமா மறந்திருந்தார். அவருடைய மகள் சாந்த்ராகாச்சி பக்கம் இருக்கிறாள் என்று லைனில் ஒரு அம்மா சொன்னார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து அவளைக் கண்டுபிடித்துப் பெயரை வாங்கி வந்தேன். அப்பா பந்து ஆடினார் என்பதே அவளுக்குத் தெரியாது. மூன்றாமவரை மட்டும் யாருக்கும் தெரியவில்லை. மிக உயரமானவர், கல்யாணம் ஆகாதவர், லைனே அவரை ஒட்டகம் என்றுதான் கூப்பிட்டது.

இந்தத் தடவை கமிட்டியே உட்கார்ந்திருந்தபோது உள்ளே போனேன். மூன்று பெயரும் எழுதிய தாளை நீட்டினேன்.

பொருளாளர் படித்தார். “ஒட்டகமா? கிளப் சுவத்துல ஒட்டகம்னு எழுதினா அசிங்கமா இருக்காதா?”

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “ஐம்பது வருஷம் ஆடாதவங்க பேர் அங்க இருந்துச்சு தாதா. அது யாருக்கும் அசிங்கமா தெரியலையே.”

செயலாளர் தாளை வாங்கித் தட்டச்சு செய்யக் கொடுத்தார். குமாஸ்தாக்களின் பெயர்களை எடுக்கவில்லை. அட்டையை அவற்றின் அடியில் வைத்தார்கள்.

மாமாவை அழைத்துப் போய்க் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. எது யார் பெயர் என்று கேட்டார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சொன்னேன். தன் பெயரைச் சீக்கிரம் கடந்துவிட்டார். மூன்றாவது வரியில்தான் நின்றார்.

“இதுல ஒட்டகம்னேவா போட்டிருக்கு?”

“ஆமா மாமா.”

“அவன் இருந்திருந்தா இன்னிக்கு என்னை ஒதைச்சிருப்பான்” என்று சொல்லிவிட்டு, வெளியே போய் வலை கட்டும் கம்பத்துப் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.