பாங்கொக் பூட்டியிருந்த கிழமை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அம்மா சொல்லுவா. அந்த வருடம் அது அங்கேயே குடியிருந்தது. ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ட் சுவரில் மூன்று கலண்டர்கள் தொங்கின. திதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் போட்ட தமிழ்க் கடைக் கலண்டர் அம்மாவுடையது. நான் சேர்க்கிட் போர்ட் ஒட்டுகிற தொழிற்சாலையின் கலண்டர் ஒன்று. மூன்றாவது, நான் சிவப்புப் பேனையால் வெட்டுவதற்கென்றே வைத்திருந்த வெறும் கலண்டர். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே அதன் முன்னால் போய் நிற்பேன்.

எனக்குக் கலியாணம் பேசி முடித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார். அங்கே பொலிசும் ஆமியும் செக்கிங் என்று ஏதாவது ஒரு நாள் வந்து இளம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். சிலர் மத்தியானமே திரும்பி வருவார்கள், சிலர் மாதக்கணக்கில் வரமாட்டார்கள். அவரையும் ஒருமுறை கொண்டுபோய், பிறகுதான் விட்டார்கள். தொலைபேசியில் அவர் குரல் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. கேட்ட பிறகும், வைத்த உடனேயே அடுத்த செக்கிங் எப்போது வருமோ என்ற யோசனை தொடங்கிவிடும்.

என்னிடம் புதுக் கனடாக் கடவுச்சீட்டு இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும் துணிவு இல்லை. அண்ணைதான் ஒரு வழி சொன்னார். கொழும்பில் இருக்கிறவருக்கு பாங்கொக் போக விசா எடுப்பது சுலபம். நானும் அங்கே போய், கலியாணத்தைப் பதிவு செய்து, அந்தப் பத்திரத்தோடு வந்து, அவரைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் பண்ணலாம் என்றார். வழி சரி. நாள்தான் கிடைக்கவில்லை.

"மார்கழியிலை கூடாது பிள்ளை," என்றா அம்மா.

"தையிலை?"

"தையிலை உன்ரை வேலையிலை லீவு தரமாட்டினம் எண்டு நீதானே சொன்னனீ."

அதுவும் உண்மை. தொழிற்சாலை பூட்டுகிற ஜூலைக் கடைசி, ஆடி மாதம். புரட்டாதியும் கூடாது. மாசியில் நல்ல நாள் இருந்தது, அதை நானே வெட்டினேன். ஏனென்றால் அன்றைக்குப் பூரணை.

இங்கேதான் என் கெட்டித்தனத்தைச் சொல்லவேண்டும். இலங்கையில் பிறந்தவளுக்குப் புத்த நாட்டைப் பற்றி ஆர் சொல்லித்தர வேண்டும்? பூரணை என்றால் போயா, போயா என்றால் லீவு, அரசாங்கக் கந்தோர் எல்லாம் பூட்டு. தாய்லாந்தும் புத்த நாடு. ஆகவே வருடத்தின் எல்லாப் பூரணைகளையும் வரிசையாகச் சிவப்பில் வெட்டினேன். அங்கே பெரும்பாலான பூரணை நாட்களில் எல்லாரும் வழமைபோல வேலைக்குப் போகிறார்கள் என்று பிறகுதான் தெரிய வந்தது.

கடைசியில் அம்மா சித்திரையில் ஒரு நாள் கண்டுபிடித்தா. வருடப்பிறப்புக் கழிந்து இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, குறை சொல்ல முடியாத முகூர்த்தம். எனக்கும் பிடித்தது. வருடப்பிறப்புக்கு இலங்கைத் தூதரகம் பூட்டியிருக்கும், அவ்வளவுதான். அது சிங்களவருக்கும் எங்களுக்கும் மட்டும் உரிய நாள், தாய்லாந்துக்காரருக்கு அதில் என்ன வேலை? அந்த நாட்களில் கனடாத் தூதரக வேலையையும் தாய்லாந்துக் கந்தோர் வேலையையும் முடித்துவிட்டு, பிறகு இலங்கைத் தூதரகத்துக்குப் போவது என்று திட்டம் போட்டேன். வெக்கேஷனில் ஒரு கிழமைதான் மிச்சம் இருந்தது. அம்மாவின் ஒப்பரேஷனுக்கு மற்றதை எடுத்திருந்தேன். ஒரு கிழமை காணும் என்று அண்ணையிடம் மார்தட்டிச் சொன்னேன்.

பாங்கொக்கில் டாக்சி ஹோட்டல் வாசலில் நின்றபோது, அங்கே ஒருவர் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை நனைந்து, முகமெல்லாம் வெள்ளைப் பவுடர்க் குழம்பு அப்பியபடி நின்றார். கும்பல் ஒன்று வாளிகளோடு அவரைக் கடந்து போனது. நான் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விலகி நடந்தேன். அவர் என் பெயரைச் சொன்னார். ஆறு வருடமாக நான் நினைத்து வைத்திருந்த முகம் அந்தக் குழம்புக்குள் எங்கேயோ இருந்தது.

"கந்தோர் எல்லாம் பூட்டு," என்றார். அதுதான் அவருடைய முதல் வசனம். "இஞ்சை வருசப்பிறப்பாம்."

"ஆருக்கு?"

"இவையளுக்கும்தான். கிழமை முழுக்க தண்ணி ஊத்துவினமாம்."

"அது எங்கடை வருசமெல்லோ," என்றேன். அழுகை வந்தது. அதைவிடக் கோபம் கூட வந்தது. அந்த ஊர் முழுவதும் எங்கள் வீட்டுக்குள் வந்து வாளித் தண்ணீரை ஊற்றியதுபோல எனக்குப் பட்டது.

அடுத்தடுத்த நாட்கள் நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. பூட்டியிருக்கும் என்று தெரிந்தும் கனடாத் தூதரகத்துக்குப் போனேன். காவலாளி கைகூப்பிச் சிரித்தார், போகும்போது என் தோளில் ஒரு கிண்ணம் தண்ணீரை மெல்ல ஊற்றினார். கடவுச்சீட்டையும் பிறப்புப் பத்திரங்களையும் ஷொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டாகப் போய்விட்டது, காய்ந்த ஆள் ஒருத்தி வருகிறாள் என்று தேடி வந்து ஊற்றினார்கள். அவர் பின்னால் வந்தபடி, "கொஞ்சம் ஆறுதலாய் நடவும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். லொட்ஜ் அறைக்குள் மாதக்கணக்காக அடைந்து கிடந்த மனிதர். ஒருவரும் அடையாள அட்டை கேட்காத தெருவில் நடப்பது அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். அதை ரசிக்க நான் விடவில்லை.

வெள்ளிக்கிழமை, பாங்கொக்கில் இருந்த ஒரு தமிழ்க் கோயிலில் ஐயர் ஒருவர் தாலி கட்டுவித்தார். வாசல் பூக்கடைக்காரியும் கும்பிட வந்த ஒரு குடும்பமும் அரிசி போட்டார்கள். அம்மாவின் முகூர்த்தம் தப்பவில்லை. சாமிக்கு முன்னால் கலியாணம் முடிந்தது, கனடாவுக்கு முன்னால் முடியவில்லை.

கந்தோர்கள் திங்கள் திறக்கும் என்றார்கள். ஞாயிறு எனக்கு விமானம். ஹோட்டலிலிருந்து சுப்பர்வைசருக்குத் தொலைபேசி எடுத்து இன்னும் ஒரு கிழமை கேட்டேன். செவ்வாய் காலை வராவிட்டால் பிறகு வரவே தேவையில்லை என்றார். நான் சரி என்று வைத்துவிட்டேன். வீட்டு வாடகையில் பாதி என் சம்பளத்தில்தான் போனது.

"நீர் போம். இன்னொரு முறை பாப்பம்," என்றார் அவர்.

"இன்னொரு முறை நீங்கள் லொட்ஜிலை இருப்பியள் எண்டு ஆர் சொன்னது?"

நான் விமானத்தை விட்டுவிட்டேன்.

திங்கள் தொடங்கி ஓட்டம். நான் கலியாணம் ஆகாதவள் என்று கனடாத் தூதரகத்தில் சத்தியம் செய்யவேண்டும், அவர் ஆகாதவர் என்று இலங்கைத் தூதரகம் எழுதித் தரவேண்டும். புதுத் தாலியைச் சட்டைக்குள் தள்ளி, கழுத்துவரை பொத்தான் பூட்டி, வலது கையை உயர்த்தி, நான் தனி ஆள் என்று சத்தியம் செய்தேன். சட்டப்படி அது உண்மைதான். ஆனாலும் மஞ்சள் கயிறு கழுத்தில் அரித்தபடி இருந்தது. மொழிபெயர்ப்பு, முத்திரை, இன்னொரு முத்திரை. அவருடைய விசா முடியுமுன் கலியாணப் பதிவுப் பத்திரம் கைக்கு வந்தது. மறுநாளே அவர் கொழும்புக்கு ஏறினார். மனைவி கனடாக்காரி என்றால் செக்கிங்கில் விடுவார்களோ என்று பத்திரத்தின் பிரதி ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். விமான நிலையத்தில் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்திரம் கிடைத்துவிட்டது, அவரை மட்டும் திருப்பி அனுப்புகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஸ்பொன்சர் சரிவர அடுத்த வருடக் கடைசி ஆயிற்று. அதற்குள் எனக்குப் பழைய வேலை போய் வேறு தொழிற்சாலை, அதற்குப் பிறகு இன்னொன்று. அவர் வந்து இறங்கி, மத்தியானம் சாப்பிட்டு, எங்கள் சோபாவிலேயே நித்திரையாகிவிட்டார். நான் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்குவேன், தண்ணீரைப் பூட்டிவிட்டு வந்து அவரைப் பார்ப்பேன். கதவுப் பூட்டைப் பார்ப்பேன். பல்கனிக்குப் போவேன், திரும்ப வந்து பார்ப்பேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "ஏனப்பா ஓடித் திரியிறீர்? இனி ஒரு இடமும் போகத் தேவையில்லை. வந்து இரும்."

போய்ப் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம்கூட இருக்க முடியவில்லை. அடுப்பை நிறுத்தினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழும்பிவிட்டேன்.