சாமைக் கடைக்கு ஒரு சர்டிபிகேட்

போன புதன்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சித்தேரி மலையிலிருந்து மாதம்மா.

"அக்கா, நம்ம கடைக்குத் திருடனுங்க வர்றாங்களாம். கம்ப்யூட்டர்லயே போட்டிருக்குதுங்க."

மாதம்மா அங்கே ஒரு மகளிர் குழுவின் தலைவி. சாமை, தினை, புளி, தேன் எல்லாவற்றையும் இணையத்தில் விற்கிறார்கள். அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்தது நான்தான். இண்டூரில் உட்கார்ந்து பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிற பெண்ணுக்கு இது எதற்கு என்கிறீர்களா? கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச காலம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். அதைப் போய் ஒரு விசேஷத்தில் மாதம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

அவசரமாக சைட்டைத் திறந்தேன். சிவப்பு முக்கோணம்... இந்த சைட் பாதுகாப்பானதல்ல, உங்கள் தகவல்களை யாராவது திருட முயலலாம் என்று எச்சரிக்கை. மலையில் அதை உரக்கப் படித்திருக்கிறார்கள். 'முயலலாம்' என்பது யார் காதிலும் விழவில்லை. 'திருட' மட்டும் விழுந்திருக்கிறது. சாமை மூட்டை வைத்திருக்கும் குடோன் வாசலில் தடியோடு இரண்டு பேர் காவல். கூடவே ஒரு நாய்.

விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொரு சைட்டுக்கும் 'இது உண்மையான சைட்தான்' என்று சொல்ல ஒரு சர்டிபிகேட் வேண்டும். சில மாதம்தான் செல்லும். சைட் குடியிருக்கும் கம்ப்யூட்டரான சர்வரில் இருக்கும் ஒரு டூல் அதைத் தானாகவே புதுப்பிக்கும். இந்த முறை புதுப்பிக்கவில்லை. மாதம்மாவிடமும் போனில் இதைத்தான் சொன்னேன்.

சரி, மெதுவாகப் பார்க்கலாம் என்றால், அதுவும் முடியாது. பெங்களூரில் ஒரு கடைக்காரர் அன்று சாயங்காலம் சைட்டைப் பார்த்து மொத்தமாகச் சாமை ஆர்டர் போடுவதாக இருந்தார். அவரும் காலையிலேயே எட்டிப் பார்த்துவிட்டு, 'ஸ்வல்ப பயமா இருக்கும்மா' என்று மாதம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். அவர் பின்வாங்கினால், மலைக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்குத்தான் அத்தனை மூட்டையும் போகும். குழுவில் எல்லோரும் இந்த ஆர்டரை நம்பித்தான் இருந்தார்கள்.

நான் லேப்டாப்பைத் திறந்து சர்வருக்குள் போனேன். அதை இயக்குவது பழைய லினக்ஸ். நல்ல உழைப்பாளி, ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. ஆனால் டூல் சொன்னது: நான் பழசாகிவிட்டேன், புதுசை இன்ஸ்டால் செய்.

செய்தேன். புதுசு சொன்னது: என்னை எழுதிய பைத்தான் மொழி இங்கே பழசு, புது பைத்தான் கொண்டு வா.

கொண்டு வரப் போனேன். பைத்தானை டவுன்லோட் செய்யும் முகவரியே காலி! இந்த லினக்ஸுக்கு வயதாகிவிட்டது என்று எப்போதோ கடையை மூடிவிட்டார்கள். பழைய சரக்கெல்லாம் வேறொரு முகவரியில் கிடக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, ஒருவழியாகப் புது பைத்தானை ஏற்றினேன். இனிமேல் எல்லாவற்றுக்கும் இதுதான் என்று சர்வருக்கு உத்தரவும் போட்டேன்.

அங்கேதான் வந்தது வினை. அந்த சர்வரில் எதை இன்ஸ்டால் செய்வதென்றாலும் ஒரு புரோகிராம் வழியாகத்தான் செய்ய வேண்டும். அந்தப் புரோகிராமே பழைய பைத்தானில் எழுதியது. புதுசைப் பார்த்ததும் படுத்துவிட்டது. நோயாளிக்கு ஊசி போட வந்த நர்ஸ் மயங்கி விழுந்தால் எப்படி இருக்கும்? நான் எந்தக் கட்டிலைப் பார்ப்பது?

உத்தரவை வாபஸ் வாங்கி நர்ஸை எழுப்பி உட்கார வைத்தபோது, வாசலில் மாதம்மா. அரூரில் ஒரு பஸ், தருமபுரியில் ஒரு பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் மஞ்சள் பை. அதிலிருந்து ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் வெளியே வந்தன.

"சர்டிபிகேட்டுன்னு சொன்னீங்களேக்கா, போட்டோ ரெண்டு போதுங்களா?"

இது அந்த சர்டிபிகேட் இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தாலுகா ஆபீஸில் தனக்குத் தெரிந்தவர் ஒருத்தர் இருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டுமா என்றார்.

அதற்குள் என் கணவர் வந்து, ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தியா என்றார். இந்த வூட்டில் ஃப்ரிட்ஜுக்கும் அதுதான் வைத்தியம், எனக்குத் தலைவலி என்றாலும் அதுதான்.

மத்தியானம் மாதம்மாவுக்குச் சோறு போடப் போனேன். குக்கர் மூடி சிக்கிக்கொண்டது. சமையல்கட்டில் இழுக்க இடமில்லாமல் குக்கரையே ஹாலுக்குத் தூக்கிப்போய்த் திறந்தபோதுதான் பொறி தட்டியது. எல்லாவற்றையும் அந்தப் பழைய சர்வருக்குள்ளேயே ஏன் செய்ய வேண்டும்? என் லேப்டாப்பிலும் லினக்ஸ்தானே, அதுவும் புதுசு! டூலை இங்கே இன்ஸ்டால் செய்து, சர்டிபிகேட்டை இங்கேயே வாங்கி, அங்கே கொண்டுபோய் வைத்தால் போதாதா?

போதும். டூல் ஒரு வரியைக் கொடுத்து, சைட் உன்னுடையதுதான் என்பதற்கு அடையாளமாக இதை சைட் பெயரைப் பதிவு செய்த இடத்தில் எழுதி வை என்றது. வைத்தேன். மாதம்மா ரசத்துக்கு வருவதற்குள் சர்டிபிகேட் வந்துவிட்டது. சர்வரில் ஏற்றி, சைட்டைத் திறந்தேன். முக்கோணத்தைக் காணோம். சாமை, தினை, புளி, தேன் எல்லாம் வரிசையாக நின்றன.

மாதம்மா போட்டோக்களை எடுத்து மஞ்சள் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். கண் மட்டும் லேசாகக் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ரசத்தில் மிளகு அதிகம் என்று சொல்லிக்கொண்டோம்.

சர்வரைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு எந்த நோயும் இல்லை. அது அப்படியேதான் இருந்தது, சுற்றியிருந்தவர்கள்தான் புதுசாகிக்கொண்டே போனார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இது தனியாக விளக்க வேண்டிய விஷயமா என்ன?

நான்கு மணிக்குப் பெங்களூர்க்காரர் மறுபடி சைட்டைப் பார்த்து ஆர்டர் போட்டார், முன்பு கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. குடோன் காவலும் கலைந்தது. நாய் மட்டும் போக மறுக்கிறதாம், அன்று கிடைத்த சாப்பாடு அப்படி.

நிம்மதியாக டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலிருந்து மாதம்மா கூப்பிட்டார். குழுவில் எல்லோரும் போனில் சைட்டைப் பார்த்துவிட்டார்களாம். ரொம்ப சந்தோஷமாம். ஒரே ஒரு சந்தேகம்தானாம்.

"மேல சின்னதா ஒரு பூட்டுப் படம் வருதுங்களேக்கா... கடையைப் பூட்டிட்டா ஜனம் எப்படிங்க உள்ள வரும்?"