அவிழ்க்க முடியாத உறவு

பேசாலையில் கருவாடு விற்கும் அன்ரோனெற்றுக்கு விளங்காத சொல்லொன்று காதில் விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. வாங்க வருபவரையும் மறித்துப் பொருள் கேட்பாள்.

கணவன் வின்சன்ட் கடற்றொழிலாளி. வாய் திறப்பது குறைவு, திறந்தால் ஆபத்து. போன மாதம் மச்சாள் றஞ்சிதம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "இப்பிடியொரு மீன்குழம்பை என்ரை வீட்டிலை நான் கண்டதேயில்லை" என்றுவிட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு மகள் பிறின்சி வழியாகத்தான்.

"அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"பசிக்கேல்லையெண்டு கொம்மாட்டைச் சொல்லு."

இந்த நிலையில் அவர்களுடைய திருமண வெள்ளிவிழா நெருங்கியது. விழாக் காணும் தம்பதிகளைச் சுவாமியார் தேவாலய மண்டபத்துக்கு அழைத்துப் பேசினார்.

"திருமணம் கரைக்க முடியாத உறவு."

அன்ரோனெற் எழும்பினாள். "சுவாமி, கரையிறது சீனியல்லோ? கலியாணத்துக்கு ஏன் அந்தச் சொல்?"

சுவாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் படித்த லத்தீனை இந்த ஊரில் இதுவரை யாரும் தேடவில்லை.

"நல்ல கேள்வி அம்மா. லத்தீனிலை 'சொல்வெரே' எண்டொரு சொல். கட்டை அவிழ்க்கிறதுக்கும் அதுதான், கரைக்கிறதுக்கும் அதுதான். அதிலையிருந்து வந்ததைத்தான் தமிழிலை இப்பிடிச் சொல்லுறம். அடிப்பொருளைப் பாத்தால், அவிழ்க்க முடியாத முடிச்சு."

முடிச்சு என்றதும், அரைத்தூக்கத்தில் இருந்த வின்சன்ட் விழித்தான்.

"அவிழ்க்க ஏலாட்டி அது பிழையான முடிச்சு, சுவாமி. கத்தியாலை வெட்டித்தான் எறியோணும்."

அன்ரோனெற் சுற்றிப் பார்த்தாள். பிறின்சி வரவில்லை. வேறு வழியில்லாமல் நேராகவே கேட்டாள்.

"ஆரை வெட்டி எறியப் போறியள்?"

"உன்னையில்லையடி, கயித்தை!"

"அப்ப இவ்வளவு வருசமும் நான் உங்களுக்குக் கயிறோ?"

சுவாமியார் அவசரமாகக் குறுக்கிட்டார். "முடிச்சை விடுங்கோ. கல்லை எடுப்பம். எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் கல்லுக் கரையாது..."

"இப்ப என்னைக் கல்லாக்கிப் போட்டியளோ, சுவாமி!"

மண்டபமே சிரித்தது. அன்ரோனெற்றும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். கணவனோடு பேசிவிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேசியதைத் திருப்பி எடுக்கவும் முடியாது. மோட்டார்சைக்கிளில் வீடு போகும்வரை, விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துப் பேசினாள். வின்சன்ட் எல்லாவற்றுக்கும் "ஓம்" போட்டான்.

வெள்ளிவிழாவன்று படம் எடுக்க நின்றபோது, அவனுடைய புதுச் சட்டையின் வயிற்றுப் பொத்தான் தெறிக்கும்போல இருந்தது.

"மூச்சை உள்ளை இழுங்கோ," என்றாள் அன்ரோனெற். "நான் சொல்லுமட்டும் விடாதேங்கோ."