அச்சுக்கு வராத கிளி

என் மனைவி வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து கொடுத்தாள். விண்டோஸ் ஒரிஜினல் இல்லை என்று திரையின் மூலையில் எப்போதும் ஒரு வரி நிற்கும். "ஒருநாள் ஒரிஜினல் போட்டுறணுங்க" என்பாள். அவள் இறந்த ஆறாம் மாதம் அதையாவது செய்வோம் என்று கம்ப்யூட்டரைச் சிவகாசியில் ஒரு கடைக்குத் தூக்கிப் போனேன்.

"வீட்டுக்கா அண்ணாச்சி, கம்பெனிக்கா? ரெண்டுக்கும் வேற வேற எடிஷன்" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்கு."

"ஒரு வார்த்தைக்கு மேல பேச மாட்டீக போல" என்று சிரித்தார். "பழசு பூராம் போயிரும். வேணுங்கிறத எடுத்து வச்சிட்டீகளா?"

தலையாட்டினேன். நான் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். எந்த லேபிள் அடித்தாலும் சாம்பிளுக்கு இரண்டு தாள் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அவள் வரைந்ததெல்லாம் வீட்டில் கட்டாக இருந்தது. அதை நினைத்துத்தான் தலையாட்டினேன்.

மறுநாள் வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டதும் மூலையில் அந்த வரி இல்லை. சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் கிளி ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம், கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு ஒரு கிளி வரைந்துகொண்டிருந்தாள். "வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள்.

"அச்சுக்கு வரட்டும், பாத்துக்கிறேன்" என்றேன்.

அது அச்சுக்கு வரவே இல்லை.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "பூராம் போயிரும்னு சொன்னேன்ல அண்ணாச்சி" என்றார். சரி என்று வைத்துவிட்டேன்.

கிளிக்கு அவள் என்ன நிறம் கொடுத்திருந்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது.